வெளிநாட்டு செட்டில் நம்மூர் சிம் ஏறவில்லையா? அறிகுறியை வைத்துக் கண்டுபிடியுங்கள்

டிசம்பர் லீவும் கல்யாண சீசனும் வந்தால் என் சர்வீஸ் கடையில் ஒரே மாதிரி கேஸ்தான். மகனோ மாப்பிள்ளையோ அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த செட். ஊரில் இருக்கும் அப்பா அதில் தன் சிம்மைப் போட்டுப் பார்த்திருப்பார், ஏறியிருக்காது. "தம்பி, லாக் எடுக்க எவ்வளவு ஆகும்?" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். லாக் என்றால், விற்ற கம்பெனியின் சிம்மைத் தவிர வேறு சிம் ஏறாதபடி போட்ட பூட்டு.

நான் காசு பேசுவதற்கு முன் சிம் தட்டை உருவிப் பார்ப்பேன். அப்படி வரும் செட்டில் நிறையவற்றில் லாக்கே இருக்காது. வேறு கோளாறாக இருக்கும். நிஜமாகவே லாக் இருந்தால் அதை நானும் திறக்க முடியாது, பக்கத்துக் கடைக்காரரும் திறக்க முடியாது. எந்த கம்பெனி போட்டதோ அதுதான் திறந்துவிட வேண்டும், அதுவும் பெரும்பாலும் இலவசமாகவே. அதனால் காசைக் கொடுக்கும் முன் கீழே உள்ளதைப் பாருங்கள்.

ஆரம்பிக்கும் முன்

வேலை செய்யும் இரண்டு சிம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று ஜியோ, ஒன்று ஏர்டெல் அல்லது வி (வோடபோன் ஐடியா). வைஃபை வேண்டும். செட்டில் *#06# அடித்து வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது செட்டின் அடையாள எண்ணை, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஐபோன் இன்னும் ஹலோ திரையிலேயே நிற்கிறது என்றால் மூலையில் உள்ள சின்ன ஐ பட்டனைத் தொட்டால் எண் தெரியும்.

அப்புறம், கொண்டுவந்தவரிடம் இரண்டு கேள்வி: எந்த நாட்டில் வாங்கியது? எந்த வருடம்? பாதி விடை இதிலேயே வந்துவிடும். சிங்கப்பூரில் சிம் லாக் போட்டு விற்க அனுமதியே கிடையாது. கனடாவில் 2017 டிசம்பர் முதலும், ஜப்பானில் 2021 அக்டோபர் முதலும், இங்கிலாந்தில் 2021 டிசம்பர் முதலும் கம்பெனிகள் திறந்த செட்டைத்தான் விற்க வேண்டும். அதற்குப் பிறகு அங்கே வாங்கியது என்றால் லாக்கைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். அமெரிக்க செட் என்றால் முதலிலேயே சந்தேகப்படலாம். அங்கே செட்டைத் தவணைக்குக் கொடுப்பார்கள், 24 மாதம், 36 மாதம் என்று போகும். பணம் முடியும்வரை ஆள் ஓடிவிடக் கூடாது என்று போட்ட கயிறுதான் இந்த லாக்.

அறிகுறி 1: ஐபோனில் 'சிம் நாட் சப்போர்ட்டட்' அல்லது 'சிம் நாட் வேலிட்' என்று வருகிறது

அதிகம் வருவது இதுதான்.

முதலில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போய்க் கீழே இறங்குங்கள். 'கேரியர் லாக்' என்று ஒரு வரி இருக்கும். அதற்கு நேரே 'நோ சிம் ரெஸ்ட்ரிக்சன்ஸ்' என்றிருந்தால் லாக் இல்லை, வேறு எதையோ தேடவேண்டும். 'சிம் லாக்டு' என்றிருந்தால் லாக் இருக்கிறது. இந்த ஒரு வரியைப் பார்க்காமலே 3,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

லாக் இல்லை, ஆனாலும் அதே எழுத்து வருகிறது என்றால்: செட்டை அணைத்துப் போடுங்கள். ஐஓஎஸ் அப்டேட் பாக்கி இருந்தால் வைஃபையில் போடுங்கள். நெட்வொர்க் செட்டிங்ஸை ரீசெட் செய்யுங்கள்; வைஃபை பாஸ்வேர்டு போன்ற நெட்வொர்க் விஷயங்கள் அழிந்துபோகும், போட்டோ, காண்டாக்ட் எதுவும் போகாது. இன்னொரு சிம்மைப் போட்டுப் பாருங்கள். பல வருடம் முன் கத்தரிக்கோலால் வெட்டி நானோ ஆக்கிய சிம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அதை மாற்றியதும் சரியான கேஸ்கள் உண்டு.

லாக் இருக்கிறது, ஆனால் 'அங்கே பணமெல்லாம் கட்டியாச்சு, கம்பெனியும் அன்லாக் ஆகிவிட்டது என்று மெயில் அனுப்பிவிட்டது' என்கிறார்கள் என்றால்: ஐபோனுக்கு எண் போட்டுத் திறக்கும் கோடு கிடையாது. கம்பெனி சொன்னதும் ஆப்பிளின் சர்வரில் பதிவு மாறும், செட் அதைப் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். நம்மூர் சிம்மைப் போட்டு, வைஃபையில் இணைத்து, அணைத்துப் போட்டாலே பல செட் திறந்துவிடும். மசியவில்லை என்றால் பேக்கப் எடுத்துவிட்டு முழுதாக அழித்து மறுபடி செட்டப் செய்யுங்கள். அழிக்கும் முன் அதில் உள்ள ஆப்பிள் ஐடியின் பாஸ்வேர்டு கையில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாமல் அழித்தால் சிம் லாக் போய் அதைவிடப் பெரிய லாக்கில் (அறிகுறி 8) மாட்டுவீர்கள்.

இன்னும் திறக்கவே கேட்கவில்லை என்றால்: வாங்கிய ஆள்தான் கேட்க வேண்டும். இதை வீட்டில் உள்ளவர்களுக்குப் புரியவைப்பதுதான் எனக்குப் பெரிய வேலை. அமெரிக்க கம்பெனிகளில் ஏடிஅண்ட்டி செட் என்றால் அவர்களுடைய இணையதள அன்லாக் பக்கத்தில் ஐஎம்இஐ எண்ணைப் போட்டு விண்ணப்பிக்கலாம். அதன் வாடிக்கையாளராக இல்லாதவரும் விண்ணப்பிக்கலாம். செட் 60 நாளாவது ஓடியிருக்க வேண்டும், தவணை முழுக்கக் கட்டியிருக்க வேண்டும், திருட்டுப் புகார் இருக்கக் கூடாது. ப்ரீபெய்டு என்றால் 6 மாதம். விண்ணப்பித்ததும் ஒரு மெயில் வரும், அதில் உள்ள லிங்க்கை 24 மணி நேரத்துக்குள் அமுக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். அமெரிக்காவில் பகலில் வந்த மெயிலை இங்கே தூங்கி எழுந்து ஸ்பாம் பெட்டியில் கண்டுபிடிப்பதற்குள் நேரம் முடிந்திருக்கும். டி மொபைல் செட்டுக்குக் கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவர் கேட்க வேண்டும், 40 நாள் ஓடியிருக்க வேண்டும், பாக்கி இருக்கக் கூடாது. ப்ரீபெய்டு என்றால் ஒரு வருடம் வரை இழுக்கும். வெரைசன் செட் நீண்ட காலம் 60 நாள் முடிந்ததும் தானாகவே திறந்துகொண்டது. இந்த விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, அதனால் வாங்கிய தேதியைச் சொல்லிக் கம்பெனியிடமே கேட்கச் சொல்லுங்கள்.

இதில் எல்லாம் சரியாக இருந்தும் 'தகுதியில்லை' என்று பதில் வந்தால் தவணை பாக்கி இருக்கிறது, அல்லது தொலைந்துபோனது என்று யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு ரிட்டயர்டு வாத்தியார் மூன்று முறை நடந்தார். மருமகன் வேலை மாறியபோது கம்பெனியையும் மாற்றி, கடைசி நான்கு தவணையை மறந்தே போயிருந்தார். வீடியோ காலில் அவரையே பிடித்து, நான் ஐஎம்இஐ படிக்கப் படிக்க அவர் அங்கே கம்ப்யூட்டரில் பார்த்தார். "அங்கிள், 133 டாலர் பெண்டிங் காட்டுது" என்று அவர் சொன்னபோது வாத்தியார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பணம் கட்டி மூன்றாம் நாள் திறந்தது. என் கூலி ஒரு டீ.

எப்போது கைவிடுவது? பாக்கி கட்ட ஆளில்லை, வாங்கியவர் யாரென்றே தெரியாது என்றால் அந்த செட்டை வைஃபையில் ஓடும் டேப்லெட் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வாட்சப்பில் 'ஐஎம்இஐ மட்டும் அனுப்புங்கள், 48 மணி நேரத்தில் ஃபேக்டரி அன்லாக்' என்று வருபவர்களுக்குப் பணம் அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து அழுதவர்கள் என்னிடம் உண்டு, திறந்துவிட்டது என்று ஸ்வீட் கொடுத்தவர் இதுவரை இல்லை.

அறிகுறி 2: ஆண்ட்ராய்டு செட் ஏதோ ஒரு பின் நம்பர் கேட்கிறது

கேட்பது எந்தப் பின் என்று வாய்விட்டுப் படியுங்கள். அவசரப்பட்டு 1234 அடிக்காதீர்கள்.

அதே சிம்மை வேறு செட்டில் போடுங்கள். அங்கேயும் கேட்டால் அது சிம்மின் சொந்தப் பின்; செட்டுக்கும் லாக்குக்கும் சம்பந்தமில்லை. மூன்று முறை தப்பாக அடித்தால் 8 இலக்க பக் எண் கேட்கும், அதைப் பத்து முறை தப்பாக அடித்தால் சிம் செத்தது. பக் எண்ணை சிம் கம்பெனியின் ஷோரூமில் கேட்டால் கொடுப்பார்கள்.

வேறு செட்டில் கேட்கவில்லை, இந்த செட் மட்டும் 'நெட்வொர்க் அன்லாக் பின்' என்று கேட்கிறது என்றால் அதுதான் நாம் தேடும் லாக். சிம்மில் உள்ள முதல் ஐந்தாறு இலக்கத்தை செட் படிக்கிறது. நம்மூர் சிம் எல்லாம் 404 அல்லது 405இல் தொடங்கும், செட் எதிர்பார்ப்பது 310ஓ 311ஓ. அதனால் புது சிம் வாங்கினாலும் ஜியோவை ஏர்டெல்லாக மாற்றினாலும் ஒன்றும் ஆகாது. அங்குள்ள கம்பெனியிடம் கோடு வாங்கித்தான் அடிக்க வேண்டும். சில டி மொபைல் செட்டில் கோடு கிடையாது, 'டிவைஸ் அன்லாக்' என்ற ஆப் உள்ளேயே இருக்கும். அதைத் திறந்து 'பர்மனென்ட்' என்பதை அமுக்கினால், கம்பெனி அனுமதித்திருந்தால் திறக்கும். அந்த ஆப்பைத் தேவையில்லை என்று நீக்கிவிட்டு வருபவர்களும் இருக்கிறார்கள்.

கோடை எத்தனை முறை தப்பாக அடிக்கலாம் என்பதற்கு அளவு உண்டு, சிலவற்றில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதைத் தாண்டினால் சாம்சங் 'ஃபிரீஸ்' ஆகும். அப்புறம் சரியான கோடையே அடித்தாலும் எடுக்காது, முதலில் அன்ஃபிரீஸ் கோடு, அதன் பிறகுதான் அன்லாக் கோடு. இரண்டையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் யூடியூப் பார்த்து வரிசையாக அடித்துப் பார்த்தார், வந்தபோது செட் ஃபிரீஸ். அந்த நிலையில் வருவதை மட்டும் தெரிந்த டெக்னீஷியனிடம் கொடுக்கலாம், அதுவும் டேட்டா போகும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு.

சாம்சங்கில் இன்னொரு வகை உண்டு, பெட்டியிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்: இந்தப் பகுதியில் வழங்கிய சிம் மட்டும்தான் ஏற்கும் என்று. 2013இல் கேலக்ஸி நோட் 3 வந்த காலத்தில் ஆரம்பித்த ஏரியா லாக் இது. வாங்கிய பகுதியின் சிம்மைப் போட்டு மொத்தம் 5 நிமிடத்துக்கு மேல் பேசினால் தானாகத் திறந்துவிடும். அதனால் சீல் உடைக்காமல் கொண்டுவராதீர்கள் என்று வெளிநாட்டில் இருப்பவர்களிடம் சொல்லி வைப்பேன். அங்கேயே பெட்டியைப் பிரித்து, உள்ளூர் சிம் போட்டு, மாமியாருக்கு ஒரு போன் அடித்தால் போதும், 5 நிமிடம் தாராளமாகத் தாண்டும்.

அறிகுறி 3: சிம் ஏறுகிறது, டவர் வரவில்லை

இது பெரும்பாலும் லாக் இல்லை. செட்டிங்ஸில் நெட்வொர்க்கை ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு மாற்றித் தேடச் சொல்லுங்கள். ஜியோ, ஏர்டெல், வி என்று பெயர்கள் வந்தால் ஆன்டெனா வேலை செய்கிறது. பெயரே வரவில்லை என்றால் ஆன்டெனாவோ போர்டோ பழுது, அல்லது நம்மூர் பேண்ட், அதாவது டவர் பயன்படுத்தும் அலைவரிசை, அந்த செட்டில் இல்லை. ஜியோவின் 4ஜி 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. பழைய அமெரிக்க மாடல்கள் சிலவற்றில் 2300, அதாவது பேண்ட் 40, கிடையாது. ஒரு இடத்தில் டவர் வரும், இன்னொரு இடத்தில் காணாமல் போகும். இதற்கு மருந்து கிடையாது. வேறு கம்பெனி சிம் போட்டுப் பாருங்கள், அவ்வளவுதான்.

டவர் முழுசாக இருக்கிறது, நெட் மட்டும் வரவில்லை என்றால் ஏபிஎன், அதாவது நெட்டுக்குப் போகும் வழியைச் சொல்லும் செட்டிங். பழைய கம்பெனியின் ஏபிஎன் உட்கார்ந்திருக்கும். ரீசெட் அடியுங்கள், இல்லாவிட்டால் ஜியோவுக்கு ஜியோநெட் என்று கையால் போடுங்கள்.

அறிகுறி 4: நெட் ஓடுகிறது, கால் போகவில்லை

ஜியோ சிம் என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு வோல்ட்இ, அதாவது 4ஜி வழியாகப் பேசும் வசதி, கோளாறு. ஜியோவுக்கு 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. பேச்சு 4ஜியில்தான் போக வேண்டும், அதற்கு செட்டின் சாஃப்ட்வேர் அந்த கம்பெனிக்குச் சம்மதிக்க வேண்டும். அமெரிக்க கம்பெனிக்காகச் செய்த சாஃப்ட்வேரில் சிலசமயம் நம்மூர் வோல்ட்இ பட்டனே தெரியாது. முதலில் சாஃப்ட்வேர் அப்டேட், பிறகு நெட்வொர்க் ரீசெட். அதுவும் ஆகவில்லை என்றால் ஏர்டெல் சிம் போடுங்கள். ஏர்டெல் இன்னும் 2ஜி வைத்திருப்பதால் கால் அதில் இறங்கிப் போகும். இந்த சோதனைக்காகத்தான் இரண்டு கம்பெனி சிம் எடுத்து வைக்கச் சொன்னேன். வேறு நாட்டு ஃபர்ம்வேரை (செட்டின் அடிப்படை சாஃப்ட்வேரை) ஃபிளாஷ் போட்டும் சரி செய்யலாம், ஆனால் ஐஎம்இஐ அழிந்து செட் செங்கலாகும் வாய்ப்பும் உண்டு. நான் செய்வதில்லை.

அறிகுறி 5: சில மாதம் நன்றாக ஓடியது, அப்டேட் போட்டதும் 'சிம் லாக்டு' என்கிறது

தட்டை உருவுங்கள். சிம்முக்குக் கீழே தங்க நிறப் புள்ளிகளோடு பிளாஸ்டிக் தாள்போல ஒரு மெல்லிய சில்லு ஒட்டியிருக்கிறதா? அது ஆர் சிம். விற்றவர் லாக்கை எடுக்கவில்லை, சிம்முக்கும் செட்டுக்கும் நடுவே பொய் சொல்லும் ஒரு ஆளை உட்கார வைத்திருக்கிறார். ஐஓஎஸ் மாறும்போதோ, செட்டை அழிக்கும்போதோ அந்தப் பொய் எடுபடாமல் போகும். புது சில்லு வாங்கிப் போட்டால் மறுபடி சில மாதம். நான் பரிந்துரைக்க மாட்டேன். சார்ஜும் வேகமாக இறங்குகிறது. விற்றவரிடம் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள், முடியவில்லை என்றால் அறிகுறி 1இன் வழிதான்.

தட்டில் ஒன்றும் இல்லை, செட்டோ 'அன்லாக்டு என்று சொல்லி அமெரிக்கக் கடையில் வாங்கியது' என்றால் இன்னொரு பொறி. அங்கே பெரிய கடைகளில் விற்கும் சில ஐபோனுக்கு யாருடைய லாக்கும் இருக்காது, ஆனால் முதலில் எந்த கம்பெனி சிம்மைப் போடுகிறீர்களோ அந்த கம்பெனியோடு பூட்டிக்கொள்ளும். 'நான் ஒரு நாள்தான் அங்குள்ள சிம் போட்டேன்' என்பார்கள். அந்த ஒரு நாள் போதும். இனி அந்த கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும். அமெரிக்காவில் வாங்குபவர்கள் ஆப்பிள் கடையிலேயே 'எந்த கம்பெனியோடும் பிறகு இணைத்துக்கொள்கிறேன்' என்பதைத் தேர்ந்தெடுத்து வாங்கட்டும், இந்தத் தொல்லை இல்லை.

அறிகுறி 6: சிம் போட ஓட்டையே இல்லை

உடைந்ததல்ல. 2022இல் வந்த ஐபோன் 14 முதல் அமெரிக்க மாடல்களுக்கு சிம் தட்டு கிடையாது, செட்டுக்குள்ளேயே பதியும் இசிம் மட்டும்தான். கேரியர் லாக் வரியில் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்சன்ஸ்' என்றிருந்தால் ஜியோ, ஏர்டெல், வி மூன்றிலும் இசிம்மாக மாற்றிக்கொள்ளலாம். வயதானவர்களுக்கு மட்டும் யோசித்துக் கொடுங்கள். செட் பழுதானால் சிம்மை உருவிப் பழைய பட்டன் போனில் போடும் வசதி போய்விடும்.

அறிகுறி 7: வெளிநாட்டு செட்டே இல்லை, இங்கே வாங்கியது, ஆனால் ஒரே கம்பெனி சிம்தான் எடுக்கிறது

1,500 ரூபாய் டெபாசிட்டுக்கு 2017இல் வந்த ஜியோபோன், 2023இல் 999 ரூபாய்க்கு வந்த ஜியோபாரத், ஜியோஃபை வைஃபை டப்பா எல்லாம் ஜியோ சிம்முக்கு மட்டும்தான். பழுதில்லை, அப்படியேதான் செய்து விற்றார்கள். நம்மூருக்கு இது புதிதுமல்ல. 2003இல் 501 ரூபாய்க்குக் கையில் கொடுத்த ரிலையன்ஸ் சிடிஎம்ஏ செட்டில் சிம் போடவே வழியில்லையே! 999 ரூபாய் செட்டைத் திறக்க 600 ரூபாய் கேட்பவரிடம் போகாதீர்கள், அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்தால் இரண்டு சிம் போடும் பட்டன் போன் வந்துவிடும். அலமாரியில் கிடக்கும் பழைய 3ஜி டாங்கிளைத் தூக்கிக்கொண்டு வருபவர்களும் உண்டு. ஏர்டெல் 3ஜியையே மூடிவிட்டது. திறந்து என்ன செய்ய?

அறிகுறி 8: சிம் பற்றிப் பேச்சே இல்லை, திரையே கணக்குக் கேட்கிறது

ஆப்பிள் ஐடி கேட்டால் அது ஆக்டிவேசன் லாக். கூகுள் கணக்கு கேட்டால் ரீசெட் செய்ததால் வந்த பாதுகாப்பு. 'தவணை கட்டவும்' என்று வந்தால் இங்குள்ள ஃபைனான்ஸ்காரரின் பூட்டு. மூன்றுக்கும் சிம் கம்பெனிக்கும் சம்பந்தமில்லை. முதல் இரண்டுக்கும் பழைய உரிமையாளர் பாஸ்வேர்டு போட வேண்டும், கடைசிக்குப் பணம் கட்ட வேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்குவதற்கு முன் கே ஒய் எம் என்று ஆங்கில எழுத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஐஎம்இஐ எண்ணைச் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். இங்கே திருட்டு என்று பிளாக் ஆகியிருந்தால் பதிலில் தெரியும். வெளிநாட்டுப் பாக்கி அதில் தெரியாது. அதற்கு உங்கள் சிம்மைப் போட்டு, கேரியர் லாக் வரியைப் பார்த்து, ஒரு கால் பேசிவிட்டுப் பிறகு காசை எடுங்கள்.

கடைக்குக் கொண்டுபோவது என்று முடிவு செய்தால் செட்டோடு பெட்டி, பில், வாங்கியவரின் வாட்சப் நம்பர், ஆப்பிள் ஐடி பாஸ்வேர்டு, இத்தனையும் கையில் இருக்கட்டும். அமெரிக்காவில் இருப்பவரைப் பிடிக்க நம்மூர் நேரம் காலை ஏழு, ஏழரைக்கு வாருங்கள், அங்கே வேலை முடிந்து வீட்டில் இருப்பார். நான் ஒன்பதரைக்குத்தான் கடை திறப்பேன், முன்கூட்டிச் சொன்னால் சீக்கிரம் வருகிறேன்.